மலைக்குப் போகும் லைன்

எண்பதுகளில் தொடங்கிப் பல வருஷம் நான் காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டில் வேலை பார்த்தேன். தலையில் ஹெட்செட், எதிரே வரிசை வரிசையாகத் துளைகள், கைக்கெட்டும் தூரத்தில் பிளக் வைத்த கயிறுகள். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் பதிவு செய்வார்கள். நாங்கள் மெட்ராஸைக் கூப்பிடுவோம். மெட்ராஸ் அதற்கு மேலே கூப்பிடும். அப்படி ஊர் ஊராகக் கைமாறித்தான் ஒரு குரல் போய்ச் சேரும். போர்டில் எங்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். மெட்ராஸ் போர்டில் ஒரு பெண்ணோடு பல வருஷம் அநேகமாகத் தினமும் பேசியிருக்கிறேன். அவள் என்னைக் காரைக்கால் என்பாள், நான் அவளை மெட்ராஸ் என்பேன். முகம் பார்த்ததே இல்லை.

என் கணவருக்கு விழிதியூர். நெல் விளைவிக்கிற குடும்பம். டிப்ளமோ படித்துவிட்டு நில அளவை வேலைக்குப் போனவர். வடக்கே மழைக்காலம் கழிந்ததும் ஒரு குழுவோடு அங்கே மலைக்குப் போய்விடுவார். கோடை முடிகிற சமயத்தில் திரும்புவார். நானும் மகளும் அரசலாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

கல்யாணமான புதிதில், மலையில் அப்படி எதை அளக்கிறீர்கள் என்று கேட்டேன். மலையின் உயரத்தை அளக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. பூமியின் மேல்தோடு ஒரே துண்டாக இல்லை, பெரிய பெரிய பாளங்களாகக் கிடக்கிறது. நம் நாடு இருக்கிற பாளம் வடக்கே போய் இன்னொன்றின் மேல் முட்டிக்கொண்டிருக்கிறது. முட்டுகிற இடத்தில் எழும்பியதுதான் மலை. அங்கே பாறைக்குள் நீளமாகப் பிளவுகள் ஓடுகின்றன. பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண் கட்டி, இரண்டும் வருஷத்துக்கு எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. முன்பெல்லாம் மலைக்கு மலை தொலைநோக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இப்போது வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடித்து, தூண் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள் என்றார். பழைய கருவிக்கு முழக்கணக்கில்தான் சொல்ல வரும். புதிதாக வந்ததற்கு விரல்கணக்கில் சொல்ல வரும்.

எனக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"அப்ப நம்ம வீடும் நகருதா?"

"நம்ம வீடு, விழிதியூரு, காரைக்காலு, கடலு எல்லாம் சேந்துதான் போவுது. ஒண்ணாப் போறதால தெரியல."

"பயமா இருக்குங்க."

"நகர்ந்தா பயமில்ல. நகர முடியாம ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு நிக்கிது பாரு, அந்த எடந்தான் பயம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். நான் அன்றிலிருந்து, அவர் மலையில் இருக்கிற மாதங்களில், மெட்ராஸ் கூப்பிட்டு, போர்டில் அதற்கான விளக்கு எரியும்போதெல்லாம் ஒரு விநாடி கையை எடுத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவேன்.

அந்த வருஷம் மலையில் மழை சீக்கிரம் ஓய்ந்ததென்று புரட்டாசியிலேயே கிளம்பிப் போனார். ஐப்பசியில் ஒருநாள் எனக்குக் காலை ஷிப்ட். திருமலைராயன்பட்டினத்து மீன் வியாபாரி ஒருவர் மெட்ராஸ் கேட்டிருந்தார். நான் மெட்ராஸைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன். அவள் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் சொன்னாள்:

"காரைக்கால், இன்னைக்கு டெல்லிக்கு மேல எதையும் புக் பண்ணாத. மலைப்பக்கம் பூகம்பமாம். லைன் எல்லாம் போயிருச்சு."

எந்த மலை என்று கேட்டேன். அவள் சொன்ன ஊர், என் கணவரின் கடைசிக் கடிதத்தின் உறையில் முத்திரையாக இருந்த ஊர்.

நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. மீன் வியாபாரிக்கு இணைப்பைக் கொடுத்தேன். அடுத்து ஒருவர் கும்பகோணம் கேட்டார், கொடுத்தேன். திருநள்ளாற்றிலிருந்து ஒருவர் கோயம்புத்தூர் கேட்டார், கொடுத்தேன். என் கை தானாக வேலை செய்தது. உள்ளங்கை மட்டும் வியர்த்து, பிளக் வழுக்கியது. பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். சூப்பர்வைசர் என்னைவிட மூத்தவர், ஒருவரிடமும் கடிந்து பேசாத மனுஷி. வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார். போக மாட்டேன் என்றேன். வீட்டில் போன் கிடையாது. செய்தி எதுவானாலும் இந்தப் போர்டுக்குத்தான் முதலில் வரும். அதை வேறு யாரோ கேட்டு எனக்குச் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ரேடியோவில் கேட்டுவிட்டு விழிதியூரிலிருந்து மாமனார் பஸ் பிடித்து வந்துவிட்டார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் எக்ஸ்சேஞ்ச் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இல்லை என்று தலையசைப்பேன். அவர் மறுபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் மெட்ராஸிடம் சொன்னேன். அவள், முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, டெல்லியைப் பிடித்தாள். டெல்லியில் இருந்த பெண் மலையடிவாரத்து ஊரைப் பிடித்தாள். அதற்கு மேலே லைன் இல்லை. அடிவாரத்து ஊரில் இந்தி பேசுகிற ஒரு பெண்குரல், மேலேயிருந்து லாரிகளில் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், யார் எவர் என்று தெரியாது, விசாரிக்கிறேன் என்றது. நான்கு பெண்கள், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், அன்று முழுவதும் இடையிடையே ஒருவரையொருவர் கூப்பிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே எண்ணம்தான். கவ்விக்கொண்டு நிற்கிற இடம் என்று அவர் சொன்னாரே, அது கவ்வலை விட்டுவிட்டது. அவர் அதன் மேலேதான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலமும் நான் போர்டில்தான் இருந்தேன்; மெட்ராஸ் விளக்கு எரிந்தது. "காரைக்கால், ஒனக்குத்தான். பேசு," என்றாள். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"நாந்தான்."

அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"பாப்பா எங்க இருக்கா?"

"வீட்லதாங்க. பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கிறாங்க."

"வெளிய கொண்டாரச் சொல்லு."

"எதுக்குங்க?"

"வீட்டுக்குள்ள வேணாம். வெளிய கொண்டாரச் சொல்லு."

அதோடு லைன் விட்டுப்போனது. ஓடிப்போய் மாமனாரிடம், பேசினார், நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நன்றாக இருக்கிறார் என்று நான் சொன்னது எனக்கே நம்பிக்கையாக இல்லை. அத்தனை தூரத்தில் இடிந்த ஊரில் நின்றுகொண்டு, காரைக்காலில் இருக்கிற குழந்தையை வீட்டை விட்டு வெளியே எடுத்துவரச் சொன்ன குரல் என் காதைவிட்டுப் போகவே இல்லை. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். விடிகிற நேரத்தில் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் வருகிற கணக்கு. அதனால் அவர் மேட்டிலே தூணுக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் கருவியோடு இருந்தார். கீழே கல்லை அடுக்கிக் கட்டிய வீட்டில் முகாம். அங்கே சமையல்காரர் மட்டும் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அந்த மலைக்காரர் இவருக்காகவே சோறு வடிக்கக் கற்றுக்கொண்டவர். முதலில் ஒரு சத்தம் வந்ததாம், லாரி ஏறி வருகிற மாதிரி. இவர் திரும்பிப் பார்த்தபோது வீடு நின்ற இடத்தில் தூசி மட்டும் எழும்பியது. ஓடிப்போய்க் கையாலேயே கற்களைப் புரட்டியிருக்கிறார். சமையல்காரரை எடுத்தபோது உயிர் இல்லை. ஊருக்கு வந்து இறங்கியபோது என் கணவரின் விரல் நகங்கள் பாதி இல்லாமல் இருந்தன.

வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தார். களைப்பு என்று நினைத்தேன். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். படுக்கையும் அங்கேயே கேட்டார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகவில்லை. கார்த்திகை பிறந்து, நம் பக்கத்து மழை கொட்ட ஆரம்பித்தது. கொல்லையில் நாலு கழி நட்டுத் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே கயிற்றுக்கட்டிலில் இருந்தார். தண்ணீர் கட்டிலின் காலைச் சுற்றி ஓடும். நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிரதான சாலையில் லாரி போனால் டம்ளரில் தண்ணீர் லேசாக நடுங்கும். உடனே எழுந்து உள்ளே குரல் கொடுப்பார். நானும் மகளும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் அவர் கத்துகிற கத்தலில் அக்கம்பக்கம் வந்துவிடும். சில நாள், உலையை அப்படியே விட்டுவிட்டு மழையில் மூன்று பேரும் நின்றிருக்கிறோம். ஒன்றும் நடக்காது. அவர் முகத்தில் அசடு வழியும். ஆனாலும் அடுத்த லாரிக்கு மறுபடி கூப்பிடுவார்.

மாமனார் வந்து பார்த்துவிட்டு, நாகூருக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். காரைக்காலில் ஒரு டாக்டரிடம் போனோம். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டால் ஓடி வெளியே வர முடியாதே என்று இவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. எக்ஸ்சேஞ்சில் தலைக்கு மேல் தொங்குகிற பல்பைப் பார்க்க ஆரம்பித்தேன். மின்விசிறிக் காற்றில் அது ஆடினாலும் எழுந்து நின்றுவிடுவேன். அந்தக் கட்டடம் எத்தனை பழசு, உத்திரம் தேக்கா என்றெல்லாம் யோசிப்பேன். ஒருநாள் அவரிடம் நேராகக் கேட்டேன், இங்கேயும் வருமா என்று.

"இங்க வராதுன்னுதான் படிச்சிருக்கேன். மலையிலேருந்து நாம ரொம்பத் தூரம். கணக்குப்படி இங்க பயப்பட ஒண்ணுமில்ல."

"பின்ன என்னங்க?"

"கணக்குத் தெரியுது. வாசலைத் தாண்ட காலு வரல."

அந்த வருஷம்தான் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். தை மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து என்னை அழைத்துப் போனார்கள். குழந்தை ஒரு வாரமாகவே வகுப்புக்குள் நுழைய அழுகிறாள், அன்று வாசற்காலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறாள் என்றார் டீச்சர். நான் போனபோது மைதானத்தில் புங்கமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகளின் குரல் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"உள்ள போனா விழுந்துடும்மா. அப்பா சொன்னாங்க."

அதுவரை அவர் பயத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். அன்று அவர்மேலேயே பயம் வந்தது. இந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க ஒரு கூரையின் கீழே நிம்மதியாக உட்காராமல் போய்விடுமோ என்று நினைத்தேன். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் கோபப்படவில்லை, அழவும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு நகமில்லாத விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து லாரிக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஆனால் அவர் உள்ளே வரவில்லை. மகளும் பள்ளிக்கூடத்தில் வாசலோரமாகத்தான், ஒரு கால் வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

பங்குனியில் அவருடைய அதிகாரி வீடு தேடி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். கொல்லையில் தார்ப்பாயின் கீழே, அது ஏதோ வழக்கமான இடம் போலவே உட்கார்ந்து காபி குடித்தார். பூகம்பத்துக்குப் பிறகு மலையில் தூண்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன, எது எவ்வளவு மாறியது என்று அங்கேயே நின்றுகொண்டு சொல்ல முடியாது, மலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, பூகம்பத்தில் அசையாத பக்கத்தில் சில இடங்களில் அதே நேரத்தில் அளக்க வேண்டும் என்றார். தெற்கே பாறைமேல் இரண்டு இடம் முடிவாகிவிட்டது. கடலோரத்திலும் ஒன்று வேண்டும். இந்த வண்டல் மண்ணில் பாறை கிடையாது என்பதால் ஆழமாக இரும்புக்குழாய் இறக்கி அதன்மேல் தூண் கட்டலாம். வெள்ளம் ஏறாத மேடாக, மரம் மறைக்காத வானம் வேண்டும். உங்கள் ஊரில் இடம் கிடைக்குமா, நீங்களே பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

என் கணவர் முடியாது என்பார் என்றுதான் நினைத்தேன். அவர், விழிதியூரில் எங்கள் நெல் அடிக்கிற களம் மேடுதான் என்றார்.

களத்து மூலையில் குழாய் இறக்கியபோது விழிதியூரே வந்து பார்த்தது. அப்போது எங்கள் பக்கத்தில் எண்ணெய் எடுக்கத் துளை போடுகிற வேலை நடந்துகொண்டிருந்த காலம். நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. மாமனார் வீடு வீடாகப் போய், இது மலையை அளக்கிறதுக்கு என்று சொன்னார். மலையை அளக்க எதற்கு இங்கே தூண் என்று கேட்டவர்களை மகனிடமே கேட்கச் சொல்லிவிட்டார்.

சித்திரையில் அளவு ஆரம்பித்தது. அந்த வாரங்களில் செயற்கைக்கோள்கள் பிற்பகலில்தான் போதுமான எண்ணிக்கையில் மேலே வந்தன. தூணின் தலையில் தட்டுப்போல ஆன்டெனா. அதிலிருந்து வயர் களத்துக்குப் பக்கத்து மோட்டார் கொட்டகைக்குப் போகும். கருவி அங்கே, பாட்டரிகளோடு. கொட்டகைக்குச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். என் கணவர் வயரை நீளமாக விட்டு, கருவியை வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் வைத்துக் குடை கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டிருந்ததால் மகளும் தாத்தாவோடு அங்கேதான் இருந்தாள்.

மலையிலும் இங்கேயும் ஒரே நேரத்தில் கருவி ஓடினால்தான் கணக்கு வரும். ஒரு பக்கம் நின்றுபோனால் அந்த நாள் வீண். அதனால் தினமும் ஆரம்பிப்பதற்கு முன் மலையிலிருந்து ட்ரங்க் காலில் தயார் என்று சொல்வார்கள். அது என் போர்டுக்கு வரும். அவர் விழிதியூர் தபாலாபீஸுக்கு வெளியே நின்று, ஜன்னல் வழியாகக் கொடுக்கிற போனில் காத்திருப்பார். நான் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடுவேன். தயார், தயார் என்று இரண்டே வார்த்தை. முதல் சில நாள் அவர் குரல் கரகரத்தது. பிறகு பழைய குரலில் கொஞ்சம் திரும்பி வந்தது. போர்டில் உட்கார்ந்து அதைக் கேட்பதுதான் எனக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே ஆறுதல்.

ஒருநாள் மலையிலிருந்து கால் வரவில்லை. மெட்ராஸைக் கூப்பிட்டேன். அவள் டெல்லியைக் கூப்பிட்டாள். அடிவாரத்துக்கு மேலே லைன் செத்துக் கிடக்கிறது, ஏன் என்று தெரியாது என்று பதில் வந்தது. ஐப்பசியில் கேட்ட அதே வார்த்தைகள். பூகம்பம் வந்த இடத்தில் அடுத்தடுத்து வரும் என்று அவர் சொல்லியிருந்தார். வெளியே வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று ஜன்னலை இழுத்து இழுத்துச் சாத்தியது.

விழிதியூர் விளக்கு எரிந்தது. அவர்தான். அங்கே காத்துக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டால் கருவியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடிவிடுவார் என்று நினைத்தேன். மறுபடி தார்ப்பாய், மறுபடி டம்ளர். எல்லாம் தயார் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என் வேலையில், வராத லைனை வந்ததாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"ஏங்க, மேல லைன் வரல."

"எதனால?"

"தெரியல. மெட்ராஸுக்கும் தெரியல."

அவர் மூச்சு கேட்டது. தபாலாபீஸ் கூரையில் மழை விழ ஆரம்பித்த சத்தம் கேட்டது.

"அங்க அவங்க இருந்தா மெஷினை ஓட விட்டிருப்பாங்க," என்றார். "நானும் போயி ஓட விடுறேன். நீ விடாம கேட்டுக்கிட்டே இரு."

அன்று பிற்பகல் நான் மெட்ராஸைக் கூப்பிட்டபடியே இருந்தேன். அவள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. இடி இடித்தபோதெல்லாம் போர்டில் விளக்குகள் தாமாக மின்னி அடங்கின. விழிதியூரைக் கூப்பிட்டேன். அந்த லைனும் மழையில் போய்விட்டது. திறந்த களத்தில், இடிமழையில், இரும்புக்குழாய்மேல் நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் அவர். கொட்டகைக்குள் போக மாட்டார். என் குழந்தையும் அவரோடு. மலையில் என்ன ஆனதென்ற பயமும் களத்தில் என்ன ஆகிறதென்ற பயமும் சேர்ந்து, எனக்குக் காதே அடைத்துப்போனது.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத்தான் மெட்ராஸ் வந்தாள். "காரைக்கால், பூகம்பமெல்லாம் ஒண்ணுமில்ல. மழையில மண்ணு சரிஞ்சு போஸ்ட் விழுந்துருச்சாம். உங்க ஆளுங்க நல்லா இருக்காங்க. அங்கயும் மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்காம்." நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குடையும் எடுக்காமல் வெளியே ஓடினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து ஒரு ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தார்.

விழிதியூர் போய்ச் சேரும்வரை மழை விடவில்லை. களத்தில் தூண் நனைந்து நின்றது, பக்கத்தில் ஆள் இல்லை. பெஞ்ச் காலியாக இருந்தது. குடை பறந்துபோய் வரப்பில் கவிழ்ந்து கிடந்தது. பிறகுதான் வயர் கொட்டகைக்குள் போவதைப் பார்த்தேன். கொட்டகை வாசலுக்கு வெளியே என் மகள் தெப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாமனார் தன் துண்டை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் சொன்னார்.

உள்ளே என் கணவர் கருவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கான்கிரீட் தளம். நனையக்கூடாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர், அதை விட்டு வர முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார். இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டியிருந்தார். நான் வாசலில் நின்றே சேதியைச் சொன்னேன். மண் சரிவுதான், எல்லாரும் பத்திரம், அங்கேயும் ஓடுகிறது என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எனக்குப் பின்னால் மழையில் நின்ற குழந்தையைப் பார்த்தார்.

"உள்ள வா பாப்பா."

அவள் தளத்தை அண்ணாந்து பார்த்தாள். "விழாதாப்பா?"

அவரும் அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்வாரோ என்று நான் பயந்தேன், உண்மையைச் சொல்வாரோ என்றும் பயந்தேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் உள்ளதான உட்காந்திருக்கேன். வா, அப்பாகிட்ட உட்காரு."

அவள் ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். ஓடிப்போய் அவர் மடியில் ஒண்டிக்கொண்டாள். நானும் மாமனாரும் உள்ளே போனோம். நாலு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார இடம் சரியாக இருந்தது. இடி இடித்தபோது மகள் அவர் சட்டையை இறுக்கினாள், அவர் என் கையை இறுக்கினார். அன்றைய அளவு முடியும்வரை யாரும் வெளியே வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மகள் ஆடிக்குள் வகுப்பில் நடு வரிசைக்குப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு அது முடிகிறது. அவர் முதலில் பகலில் மட்டும் வீட்டுக்குள் வந்தார். பிறகு கொல்லைக்கதவுக்குப் பக்கத்தில், கதவைத் திறந்து வைத்துப் படுக்க ஆரம்பித்தார். பல வருஷம் அப்படித்தான் படுத்தார்.

அடுத்தடுத்த கோடைகளிலும் களத்துத் தூணில் ஆன்டெனா ஏறியது. முதல் முறை வந்த வித்தியாசத்தை நம்ப முடியாது, கருவியின் பிழையே அவ்வளவு இருக்கும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். திரும்பத் திரும்ப அளந்து, தெற்கே பாறைமேல் இருந்த தூண்களோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ஒருநாள் என் கணவர் மாமனாரிடம் சொன்னார். மலைத்தூணுக்கும் நம் பக்கத்துத் தூண்களுக்கும் நடுவே இருக்கிற தூரம் குறைந்துகொண்டுதான் வருகிறது, வருஷத்துக்கு ஒரு விரற்கடை அளவு என்றார்.

"இம்மாத்தூண்டுதானா?" என்றார் மாமனார்.

"இம்மாத்தூண்டுதான்பா. ஆனா விடாம சேருது."

நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியானால் மறுபடி எப்போது என்று கேட்டேன். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும், என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது என்றார். அவருக்கு அதில் வருத்தமோ கோபமோ தெரியவில்லை. எனக்குத்தான் கையில் இருந்த கரண்டி கனத்தது.

அந்தக் கார்த்திகையில் மறுபடி மலைக்குப் போனார். போக வேண்டாம் என்று கெஞ்சினேன். சமையல்காரரின் ஊர்க்காரர்கள் மறுபடி அதே கல்லை அடுக்கித்தான் வீடு கட்டுகிறார்கள், இந்த அளவையெல்லாம் காட்டினால் வேறு மாதிரி கட்டச் சொல்லலாம் என்று அதிகாரி சொன்னதாகச் சொன்னார். கூடாரத்தில்தான் தங்குவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் கிளம்பியதும் நேராக ஷிப்டுக்குப் போய் ஹெட்செட்டை மாட்டினேன்.

அவர் ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்தார். என் பயம் ஒரு வருஷம்கூடக் குறைந்ததில்லை.